இடப்பக்கம் நின்ற மலை

ஸ்காட்லாந்தில் என் மகள் குடியிருக்கும் சிற்றூரில், ரொட்டிக்கடைக்கும் தபால் நிலையத்துக்கும் நடுவே ஓர் அச்சுப் பட்டறை இருக்கிறது. மழைக்கு ஒதுங்கத்தான் அதில் நுழைந்தேன். அந்த ஊரில் வாழ்க்கையின் பாதி மழைக்கு ஒதுங்குவதிலேயே போய்விடும். உள்ளே, மேலங்கியெல்லாம் மையாக ஒரு பெண்மணி நின்றிருந்தார். நான் கதவோரம் சொட்டச் சொட்ட நிற்பதைப் பார்த்துவிட்டு, "சும்மா நிற்பதற்கு எதையாவது கீறுங்களேன்" என்று மெழுகு பூசிய சிறிய செப்புத் தகட்டையும் ஓர் ஊசியையும் கையில் கொடுத்தார்.

என் பெயரைத் தமிழில் கீறினேன். அவர் தகட்டை அமிலத்தில் போட்டார்; கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரித்தது. பிறகு மெழுகைத் துடைத்து, மையைத் தேய்த்து, ஈரத்தாளை மேலே வைத்து உருளைக்குள் தள்ளினார். தாளை உரித்தெடுத்தபோது, கண்ணாடியில் தெரிவதுபோல என் பெயர் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது.

"உங்கள் எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் முகமே சொல்கிறது" என்று அவர் சிரித்தார். "தகட்டில் வலம் என்றால் தாளில் இடம். முதல் தடவை எல்லோரும் ஏமாறுவார்கள்."

"ஒரு மலையை வரைந்தால்?"

"மலையும்தான் இடம் மாறும். பொறுமையுள்ள ஓவியர் முதலிலேயே மாற்றிக் கீறுவார். அவசரக்காரர் கண்ணில் பட்டதை அப்படியே கீறிவிடுவார். இப்படிக் கீறி அச்சிட்ட பழைய எட்சிங் படங்களில் எத்தனை இடதுகைக்காரர்கள் என்று பாருங்கள்!"

அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உடம்புக்கு என்ன என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் ஓர் ஊருக்குச் செய்த கெடுதல் எப்படி நடந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

மதுரையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன் நான். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, நம் பகுதியைப் பற்றி வெள்ளைக்காரர்கள் வரைந்த பழைய படங்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி ஒரு புத்தகம் போட்டேன். அதில் ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டு எட்சிங் இருந்தது. வழிப்போக்கனாக வந்த யாரோ ஒருவன் கீறியது. அவன் பெயர்கூட இல்லை. அடியில் பென்சிலால் 'மதுரைக்கு வடகிழக்கே ஒரு குளம்' என்று மட்டும் எழுதியிருந்தது.

வற்றிப்போன கண்மாய். ஆணும் பெண்ணுமாய் ஒரு கூட்டம் கூடைகளோடு கரையிலிருந்து உள்ளே பாய்கிறது. கரைமேல் ஒரு கிழவர் வெள்ளைத் துணியை வீசுகிறார். தூரத்தில், இடப்பக்கம், படுத்திருக்கும் காளையைப் போல ஒரு மலை. இவ்வளவுதான் படம். நான் எழுதிய குறிப்பு இது: 'பஞ்சகாலக் கொள்ளை. தானியம் வாரக் கூடைகளோடு கூட்டம் ஓடுகிறது. ஊர்ப் பெரியவர் வெள்ளைக் கொடி காட்டிச் சமாதானம் கோருகிறார்.' வெள்ளைத் துணியைக் கண்டதும் எனக்குச் சரணாகதிதான் நினைவுக்கு வந்தது. படித்தவனுக்கு முதலில் நினைவுக்கு வருவது படித்ததுதானே. படத்தில் எல்லோரும் இடதுகைக்காரர்களாக இருக்கிறார்களே என்று ஒரு கேலியும் சேர்த்திருந்தேன்.

புத்தகம் வெளிவந்த பிறகு ஒருவர் வீடு தேடி வந்தார். பெயர் பொன்னழகு. கொட்டாம்பட்டிக்கு உள்ளே இருக்கும் வேம்பணிப்பட்டிக்காரர். அந்த ஊர்க் கண்மாயின் மடையைத் திறந்து வயல்களுக்கு நீர் பாய்ச்சுவது தலைமுறையாக அவர் குடும்பத்தின் பொறுப்பு. ஆனால் அந்த நீர் பாயும் வயலில் ஒரு துண்டுகூட அன்று அவர்களுக்குச் சொந்தமில்லை. வாசலில் நின்றபடியே படத்தை நீட்டினார்.

"அய்யா, இது எங்க கம்மா. இது கொள்ளை இல்லீங்க, மீன்பிடித் திருவிழா. கோடையில தண்ணி வத்துனதும் ஊரே ஒண்ணா எறங்குவோம். பெரியவரு வெள்ளைத் துண்ட வீசுனாத்தேன் கால வைக்கணும். அது கூடை இல்லீங்க, ஊத்தா. அடியில்லாத மூங்கில் கூடு. சேத்துல அமுக்கி, மேல கைய விட்டு மீனத் துழாவணும்."

அவர் வந்ததற்குக் காரணம் இருந்தது. கண்மாயின் மீன்பிடி உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விடப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஊர் முழுவதும் பொதுவில் மீன்பிடிப்பது பழைய வழக்கம், அதை விடமாட்டோம் என்று ஊரார் மனு கொடுத்திருந்தார்கள். வழக்கம் பழையது என்பதற்கு அந்தப் படம்தான் அவர்களுக்குக் கிடைத்த சாட்சி.

"உங்கள் ஊர் மலை எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"கரையில நின்னா வலது பக்கமுங்க."

"படத்தில் இடப்பக்கம் இருக்கிறதே?"

அவர் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். "அது எப்படின்னு தெரியலீங்கய்யா. ஆனா இது எங்க கம்மாதேன்" என்றார். நான் புன்னகை செய்தேன். தேர்வில் தவறாக எழுதிய மாணவனிடம் செய்யும் புன்னகை.

பிறகு குத்தகை கேட்டவர் தரப்பு என்னைத் தாலுகா அலுவலக விசாரணைக்கு அழைத்தது. போனேன். போகாமல் இருந்திருக்கலாம். இது குத்தகைக் கண்மாயா, ஊர்க் கண்மாயா என்பதுதான் அங்கே கேள்வி. படத்தில் இருப்பது வேறு ஊர், நடப்பது கொள்ளை என்று நல்ல ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வந்தேன். கண்மாய் குத்தகைக்குப் போனது. அடுத்த கோடையில் பொன்னழகும் இன்னும் சிலரும் ஊத்தாவோடு உள்ளே இறங்கினார்கள். மீன் திருடியதாக அவர்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். செய்தித்தாளின் ஓரத்தில் அதைப் படித்தேன். பக்கத்தைப் புரட்டினேன். நான் செய்தது இதுதான்.

பட்டறையிலிருந்து திரும்பிய அன்றே, மேலூரில் வக்கீலாக இருக்கும் என் பழைய மாணவருக்குப் போன் செய்தேன். "குத்தகை முடிஞ்சிருச்சு சார். திரும்ப ஏலம் விடப் பாக்குறாங்க. புதன்கிழமை கண்மாய்க்கரையிலேயே விசாரணை. அந்தத் தரப்புல மறுபடி உங்க புத்தகத்தைத்தான் காட்டப் போறாங்க" என்றார். மகள் எவ்வளவோ தடுத்தாள். கிளம்பிவிட்டேன்.

மதுரையில் இறங்கியதும் வெயில் கன்னத்தில் அறைந்தது. மகாலுக்குப் பின்னால் எங்கள் வீட்டில் இப்போது என் தங்கை கமலா இருக்கிறாள். நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "அந்த நாட்டில் உனக்குச் சோறு போடவில்லையா? சட்டை மாட்டிய ஆணி மாதிரி இருக்கிறாய்." முள்ளுமுருங்கை இலையை அரைத்துச் சேர்த்த பூரியை அடுக்கினாள். மகள் வீட்டில் காலையில் பாலில் ஊறிய ஓட்ஸ். அதை நான் குறை சொல்லவில்லை. அது உடம்புக்கு நல்லது. பூரி வேறு எதற்கோ நல்லது.

எதற்கு வந்தேன் என்று சொன்னேன். கமலா பூரியைத் திருப்பிப் போடுவதை நிறுத்தினாள். "அந்த மனிதர் வந்த அன்று நான்தான் கதவைத் திறந்தேன். அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினோம். உனக்கு நினைவிருக்கிறதா?" என்றாள். எனக்கு அது நினைவில் இல்லை. புன்னகை நினைவிருந்தது, தண்ணீர் நினைவில்லை.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, மேலூர். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில், படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளில் எடுக்க வேண்டும் என்றேன். கடைக்காரர் தாளைத் தேடிக்கொண்டே, "இதக் கேட்டு ஒரு ஆளு வந்து வருசக்கணக்காச்சு சார்" என்றார். படம் இயந்திரத்திலிருந்து வெளியே வந்ததும் எட்டிப் பார்த்தார். "மீன்பிடித் திருவிழால்ல? எந்த ஊரு கம்மா?"

படத்தை மட்டும்தான் பெரிதாக்கியிருந்தார்; அடியிலிருந்த பென்சில் எழுத்தோ என் குறிப்போ அதில் இல்லை. நான் தாளைச் சுருட்டிக்கொண்டேன்.

அங்கிருந்து ஏறிய பேருந்து தவறானது. ஸ்காட்லாந்தில் பேருந்து வராவிட்டால் மன்னிப்புக் கேட்டு மின்பலகையில் எழுத்து ஓடும். இங்கே பேருந்து வந்துவிடும். நாம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். "அய்யா, இது நாலுவழிச் சாலையிலயே போற பைபாஸ் வண்டி. கொட்டாம்பட்டிக்குள்ள போகாது" என்றார் நடத்துநர். "போர்டப் பாத்து ஏற வேணாமா? படிச்சவரு மாதிரி இருக்கீக!" முன்னாலிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பாலத்தின் மேல் இறக்கிவிட்டுப் போனார்.

பாலத்திலிருந்து இறங்கி நடந்தேன். காலித் தண்ணீர்க் கேன்களை ஏற்றிக்கொண்டு வந்த சிறிய லோடு வண்டி ஒன்று நின்றது. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் முருகேசன் என்றும், வேம்பணிப்பட்டிதான் சொந்த ஊர் என்றும் நான் கேட்காமலே சொன்னார். "ஏறுங்கய்யா. இந்த வெயில்ல நடந்தா ஊரு போய்ச் சேர மாட்டீக, வேற எங்குட்டாவதுதேன் போய்ச் சேருவீக."

வழியில் அவருக்குப் போன் வந்தது. ஒரு கையால் ஓட்டிக்கொண்டே பேசினார். "வாரேன் மாப்ள, வந்துக்கிட்டேதேன் இருக்கேன். நாளைக்கு எல்லாரும் கம்மாக்கரைக்கு வந்துரணும்னு சொல்லு. அதேன்டா, எவனோ ஒரு வாத்தியான் நம்மளக் களவாணின்னு புஸ்தகத்துல எழுதி வச்சானே, அதத் திரும்பவும் தூக்கிட்டு வாராய்ங்களாம்." போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்த வாத்தி மட்டும் என் கையில கெடைக்கணுங்கய்யா."

"கிடைத்தால்?"

"அடிக்க மாட்டேன். வயசாளியா இருப்பாரு. ஊத்தாவக் கையில குடுத்துச் சேத்துக்குள்ள எறக்கி விட்டுருவேன். எது கொள்ளை, எது மீனுன்னு அவராத் தெரிஞ்சுக்கிறட்டும்."

ஊர் எல்லையில் வண்டி நின்றதும் சொன்னேன்: "அந்த வாத்தியார் நான்தான்."

முருகேசன் இயந்திரத்தை அணைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏறும்போதே சொல்ல வேணாமாய்யா? குவாரி ரோட்டுல சுத்திக் கூட்டியாந்திருப்பேன். இந்த ரோட்டுல இம்புட்டுப் பள்ளந்தேன் இருக்கு, அது பத்தாது" என்றார். பிறகு கை கொடுத்து இறக்கிவிட்டு, பொன்னழகு வீட்டுக்கு வழியும் காட்டினார். பொன்னழகு அவருக்குத் தாய்மாமன்.

பொன்னழகு மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். முடி முழுவதும் நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க" என்றார். எதிரியே வந்தாலும் வாசலில் 'வாங்க' என்று சொல்கிற சீமை இது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மருமகளைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அந்தச் செம்பு என் கையில் கனத்தது. குடித்துவிட்டு, அன்று என் வீட்டில் அவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பியதைச் சொன்னேன்.

"அது கெடக்கு. நான் பஸ் ஸ்டாண்டுல குடிச்சுக்கிட்டேன்" என்றார்.

கண்மாய்க்குக் கூட்டிப் போகச் சொன்னேன். கரை நீளமாக வளைந்து கிடந்தது. நடுவில் முழங்கால் அளவுத் தண்ணீர், சுற்றிலும் சேறு, அதில் நாரைகள். வலது பக்கம் மலை. படத்தில் இருந்தது படுத்த காளை. எதிரே இருந்தது அதில் பாதி. தலையும் திமிலும் இருந்தன. முதுகு இருக்க வேண்டிய இடத்தில், கத்தியால் அரிந்த மாதிரி செங்குத்தான கல்சுவர். கிரானைட் குவாரி.

பிளாஸ்டிக் தாளை விரித்து மலைக்கு நேராகப் பிடித்தேன். ஒட்டவில்லை. காளை எதிர்த்திசையில் தலையை வைத்திருந்தது. தாளைப் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன். தலை தலையின் மேலும் திமில் திமிலின் மேலும் போய் உட்கார்ந்தன. திமிலுக்குப் பிறகு, தாளின் கோடுகள் மட்டும் வெறும் வானத்தில் ஓடின.

பொன்னழகு தாளைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தகட்டில் கீறினால் தாளில் பக்கம் மாறும் என்பதை விளக்கினேன். அவர் கேட்ட மாதிரி தெரியவில்லை. அந்த வெறும் வானத்தில் இருந்த கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"முழுசா இருக்கு" என்றார். எதிரே வெட்டுண்ட சுவரைக் காட்டி, "இந்தப் பக்கத்த நாங்கதேன் வெட்டுனோம். கேசு நடந்தப்ப ஊருல எவனும் எனக்கு வேலை குடுக்கல. வில்லங்கம் புடிச்சவன்னு பேராயிருச்சு. குவாரியிலதேன் சேத்துக்கிட்டாய்ங்க. அதுல வந்த சம்பளத்துலதேன் அந்தா தெரியிற வயல வாங்குனேன்."

"என்னால்தான்" என்று தொடங்கினேன்.

"கல்ல வெட்டுனது நான். நீங்க இல்ல" என்று கையமர்த்தினார். "நீங்க சொன்னது வேற. அத மட்டும் நீங்க பாத்துக்கங்க. அன்னைக்கு ஆபீசுல இங்கிலீசுல பேசுனீக. நாங்க கதவுப்பக்கம் நின்னுக்கிட்டிருந்தோம். எங்களப் பத்தித்தேன் பேசுறீகன்னு தெரியும், என்ன பேசுறீகன்னு தெரியல. நாளைக்குத் தமிழ்ல சொல்லுங்க. எங்களப் பாத்துச் சொல்லுங்க."

அன்று அவர் வீட்டிலேயே தங்கினேன். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். கருவாடு மேலூர்ச் சந்தையில் வாங்கியது என்று மருமகள் சொன்னார். கண்மாய்க்கரை வீட்டில் கடல் கருவாடு!

புதன்கிழமை, கரைமேல் புளியமரத்தடியில் விசாரணை. நாற்காலியில் ஓர் அதிகாரி; அடிக்கடி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். குத்தகைக்காரர் தரப்பில் ஓர் இளம் வக்கீல். அவர் கையில் என் புத்தகம். பழுப்பேறி, முதுகு பிளந்திருந்தது. எதிரே தரையில் ஊர். முன்வரிசையில் பெண்கள் குடைபிடித்து உட்கார்ந்திருந்தார்கள். முருகேசன் லோடு வண்டியின் மேல் ஏறி நின்றிருந்தார். பிளாஸ்டிக் தாளைக் காட்டி, தகட்டில் பக்கம் மாறுவதை விளக்கி, படத்தில் இருப்பது இந்தக் கண்மாயின் மீன்பிடித் திருவிழாதான் என்று அதிகாரியிடம் சொன்னேன்.

"இந்தப் புத்தகம் நீங்கள் எழுதியதுதானே?" என்று வக்கீல் கேட்டார்.

"ஆமாம்."

"இதில் கொள்ளை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? விசாரணையிலும் அப்படித்தானே சொன்னீர்கள்? இன்றைக்கு வந்து திருவிழா என்கிறீர்கள். எதை நம்புவது?"

நியாயமான கேள்வி. நான் ஊரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வகுப்பில் ஆங்கிலம் பேசியவன். அன்று தமிழில் சொன்னேன். "எனக்கு மீன்பிடித் திருவிழாவைத் தெரியாது. நான் ஒரு கண்மாயிலும் இறங்கியதில்லை. தெரியாது என்று எழுதியிருக்க வேண்டும். கொள்ளை என்று எழுதினேன். பொன்னழகு வீடு தேடி வந்து சொன்னார். நான் காது கொடுக்கவில்லை. மலை இடப்பக்கம் இருக்கிறது என்று உங்களைப் பொய்யர்கள் ஆக்கினேன். தவறு மலையின் மேலும் இல்லை, உங்கள் மேலும் இல்லை. என் மேல். நீங்கள் திருடர்கள் இல்லை."

முன்வரிசையில் ஒரு பெண் குடையைத் தாழ்த்தினார். "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு இம்புட்டு வருசமா?"

வண்டி மேலிருந்து முருகேசன் குரல் வந்தது. "விடுங்க சின்னம்மா. களவாணின்னு சொல்லப் புஸ்தகம் போட்டாரு, இல்லைன்னு சொல்லப் பிளேன்ல வந்திருக்காரு. ரெண்டுலயும் செலவு அவருக்குத்தேன்." சிரிப்பு எழுந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை.

அதிகாரி தாளை வாங்கினார். எழுந்து போய் மலைக்கு நேராகப் பிடித்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். இளம் வக்கீலும் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தார். "சார், பாதி மலைதான் பொருந்துது" என்றார்.

"மீதிப் பாதி எங்க போச்சுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும் தம்பி" என்றார் அதிகாரி.

இந்தமுறை ஊர் சிரித்த சிரிப்பில் நாரைகள் எழுந்து பறந்தன.

அவர் பெரிய தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அறிக்கை எழுதி மேலே அனுப்புவதாகவும், பதில் வரும்வரை ஏலம் கிடையாது என்றும் சொன்னார். ஜீப்பில் ஏறும்போது, "கம்மாயில எறங்குறதுன்னா சண்டை சச்சரவு இல்லாம எறங்குங்க. நான் கேட்டதெல்லாம் வழக்கம் உண்டா இல்லையான்னுதேன்" என்றார். அன்று மாலையே வெள்ளிக்கிழமை என்று ஊரில் பேசி முடித்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் இருக்கும் சொந்தபந்தங்களுக்கெல்லாம் போன் பறந்தது.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் கரை நிறைந்துவிட்டது. லோடு வண்டிகளிலும் பைக்குகளிலும் வந்துகொண்டே இருந்தார்கள். ஊத்தா, வலை, மூங்கில் கூடை, பழைய சேலை, ஒருவர் கையில் கொசுவலை. அத்தனை பேரும் கரையிலேயே நின்றார்கள். கால் விரலைக்கூடத் தண்ணீரில் நனைக்கவில்லை. மீன்கள் சேற்றில் புரள்வது கண்ணெதிரே தெரிகிறது. தொடுவதற்கு யாரும் இல்லை. நான் கொள்ளைக் கூட்டம் என்று எழுதியவர்களின் வாரிசுகள் இவர்கள். இவ்வளவு ஒழுங்கான வரிசையை நான் ஸ்காட்லாந்துப் பேருந்து நிறுத்தத்தில்கூடப் பார்த்ததில்லை.

மடையடிச் சாமிக்குச் சூடம் காட்டினார்கள். வெள்ளைத் துண்டு வீச வேண்டிய ஊர்ப்பெரியவர் துண்டைக் கையில் எடுத்தார். சுற்றிலும் பார்த்தார். "கம்மாய்க்காக உள்ள போனவன் கையால வீசட்டுமப்பா" என்று பொன்னழகிடம் நீட்டினார்.

பொன்னழகு மறுத்தார். "வீசுங்க மாமா, மீனு கெழடாப் போகுது!" என்றார் முருகேசன். பொன்னழகு துண்டை வாங்கினார். வலது கையை உயர்த்தி, ஒரு வீச்சு.

கூட்டம் பாய்ந்தது. நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். துண்டு, கரை, ஓடும் கால்கள், தூரத்தில் மலை. தகட்டில் ஊசியால் கீறியவன் இந்த இடத்தில்தான் நின்றிருக்க வேண்டும். மலை வலது பக்கம் இருந்தது. எல்லோரும் வலது கைக்காரர்களாக இருந்தார்கள்.

"அய்யா, வேட்டியத் தூக்கிக் கட்டுங்க." முருகேசன் ஓர் ஊத்தாவை என் கையில் திணித்தார். "அன்னைக்கே சொன்னேன்ல."

இறங்கினேன். சேறு முழங்கால்வரை விழுங்கியது. ஊத்தாவை அமுக்குவேன், மேலே கையை விட்டுத் துழாவுவேன், சேறு வரும். பக்கத்தில் ஒரு பெண் ஒரே அமுக்கில் கட்லாவை அள்ளி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். புதன்கிழமை குடையைத் தாழ்த்தியவர் அவர்தான். கடைசியில் ஏதோ வழுவழுப்பாகத் தட்டுப்பட்டது, பிடித்தேன், சுருக்கென்று உள்ளங்கையில் ஏறியது. கத்திவிட்டேன்.

"கெளுத்தி முள்ளு" என்றார் அந்தப் பெண், திரும்பிப் பார்க்காமலே. "அது ஆளப் பாத்துத்தேன் குத்தும்." பிறகு நின்று, என் கையை இழுத்துப் பார்த்து, தம் சேலை முனையைக் கிழித்துச் சுற்றிவிட்டார்.

வெயில் ஏறும்போது கண்மாய் வெறும் சேறாகியிருந்தது. என் கையில் மீன் எதுவும் இல்லை. கரையேறி உட்கார்ந்திருந்தேன். பொன்னழகு வந்தார். பெரிய விரால் ஒன்றை, இன்னும் துள்ளிக்கொண்டிருந்ததை, ஒரு துணிப்பையில் போட்டு நீட்டினார்.

"இத விக்கக் கூடாது. வீசியெறியக் கூடாது. இன்னைக்கே ஆக்கித் தின்னுறணும். இந்தக் கம்மா மீனுக்கு அம்புட்டுத்தேன் சட்டம்."

"பொன்னழகு, நீங்கள் என்னை..."

முடிக்க விடவில்லை. "அது வேற, இது வேற. கம்மாக்குள்ள எறங்குன ஆளு வெறுங்கையோட போகக் கூடாது. அது வழமை." சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மடையைப் பார்க்கப் போய்விட்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அதை அவர் சொல்ல வேண்டும் என்று எந்த வழமையும் இல்லை.

திரும்பும்போது போர்டைப் பார்த்துச் சரியான டவுன் பஸ்ஸில் ஏறினேன். வேட்டியில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. கையில் சேலைக் கட்டு. மடியில் பை அவ்வப்போது எம்பிக் குதித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பையைப் பார்த்தார்.

"விராலா?"

"ஆமாம்."

"எம்புட்டுக்கு வாங்குனீக?"

"வாங்கவில்லை. வேம்பணிப்பட்டியில் கொடுத்தார்கள்."

"வேம்பணிப்பட்டியா?" பெரியவர் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். "அது குத்தகைக் கம்மாயில்ல?"

பேருந்தில் கூட்டம். நாலைந்து பேர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று தாலுகா அலுவலகத்திலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"இல்லை" என்றேன். "ஊர்க் கண்மாய்."